கற்பிட்டிப் பயணமும் ‘சந்தோஷ’க் காசும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் பாதையில், நகரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தி வருகிறது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலம். உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியையும் கடந்தால் ஆலங்குடா, கண்டக்குளி என்று கடற்கரைகள் வரிசையாக வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருப்பதால் டொல்பின் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

சகோதரிகளே, பிள்ளைகளின் மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல், தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு ‘சந்தோஷம்’ கொடுப்பது என்பதை மட்டும் வீட்டில் யாரும் பேசி வைப்பதில்லை. கடைசி நிமிடத்தில் வானுக்குள் ஏறியபடி, “உங்களிட்ட மாத்தின காசு இருக்கா?” என்று கணவரைக் கேட்பதோடு சரி.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. சோறு பரிமாறிய பையனுக்குக் கொடுப்பதும் சந்தோஷம்தான். கந்தோரில் கோப்பு நகர்வதற்காக மேசைக்கடியில் நீட்டுவதும் சந்தோஷம்தான். காரியம் முடிந்தபின் மனம் விரும்பிக் கொடுப்பது ஒன்று. காரியம் ஆக வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே காட்டுவது வேறொன்று.

கற்பிட்டியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் உள்ளது. உள்ளே போகிறவர்களைக் கடற்படை வீரர் ஒருவர் கூட்டிச் சென்று காட்டுவார். அவர் அன்பாகப் பேசினார், பிள்ளையைத் தூக்கிப் படியேற்றினார் என்பதற்காகக் கையில் காசைத் திணிக்கலாமா? கூடாது. அவர் அரச சம்பளம் பெறுபவர். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் பிடிக்கக்கூடிய சங்கடத்தில் அவரை ஏன் மாட்டிவிட வேண்டும்? ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர், தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று சிலவற்றைத் தனியே எடுத்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவை அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். சீருடைக்காரருக்கு மனமார ஒரு நன்றி போதும்.

கடலுக்குள் விஷயம் இன்னும் சிக்கலானது. படகு புறப்பட்டு அரை மணி நேரமாகியும் ஒன்றும் தென்படாவிட்டால் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். தூரத்தில் ஒரு கூட்டம் துள்ளுவது தெரிந்ததும் யாராவது ஒருவர், “தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க, நாங்க உங்கள கவனிச்சுக்கொள்றம்” என்பார். படகு சீறிப் பாயும். பக்கத்துப் படகில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். சற்று நேரத்தில் நாலைந்து இயந்திரங்கள் அந்தக் கூட்டத்தைச் சுற்றி வளைத்திருக்கும்.

கற்பிட்டிக் கடலில் பெரும்பாலும் காணப்படுபவை சுழன்று துள்ளும் வகை டொல்பின்கள். இவை பொதுவாக இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை. கூட்டத்தில் குட்டியோடு நீந்தும் தாயும் இருக்கும். அவற்றைத் துரத்துவது வேடிக்கையல்ல, தூங்கும் வீட்டுக்குள் மேளம் அடிப்பது போல. திமிங்கிலம், டொல்பின் பார்க்கப் போகும் படகுகளுக்கு 2012இலேயே விதிகள் வந்துவிட்டன. படகோட்டிக்கு அது தெரியாமலில்லை. நம் ‘கவனிப்பு’ என்ற ஒரு வார்த்தைதான் அவரைத் தடுமாற வைக்கிறது. மறுத்தால் நாளை வேறு படகைத் தேடிப் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு.

ஆகவே கடலில் இருக்கும்வரை காசைப் பற்றிப் பேசவே வேண்டாம். கரையேறிய பின் கொடுங்கள். டொல்பினைக் காணாத நாளிலும் கொடுங்கள். அன்றும் அதே வெயில், அதே உப்புக் காற்று, அதே எரிபொருள் செலவு. “தம்பி, நீங்க விரட்டாமக் கொண்டு போனது நல்லம்” என்று சொல்லிக் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அவருக்கும் புரியும், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் புரியும்.

எவ்வளவு? ஓட்டல் பில்லை முதலில் வாசியுங்கள். பல இடங்களில் 10 சதவீதம் ‘சேவைக் கட்டணம்’ சேர்த்திருப்பார்கள். அதைக் கட்டிய பின் மேலும் கொடுப்பது கடமையல்ல, விருப்பம். அதற்குக் கீழே வரும் பெறுமதி சேர் வரி அரசாங்கத்துக்குப் போவது. அதைப் பரிமாறுகிறவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். படகோட்டிக்கோ எந்தப் பில்லிலும் சேவைக் கட்டணம் இல்லை. படகு பல வேளை இன்னொருவருடையது, அவருக்கு நாட்கூலிதான். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 350க்கு மேல் போனது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது மீன்பிடிக் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த அதே தாளை இன்றும் நீட்டுவது அழகல்ல. ஒரு சின்னக் குடும்பம் ஒருவேளை சோறும் கறியும் வாங்கக்கூடிய தொகை என்பது என் அளவு. பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெளிநாட்டாரோடு போட்டி போட வேண்டியதில்லை. நாம் அள்ளி வீசிவிட்டுப் போனால், அடுத்து வரும் ஆசிரியர் குடும்பத்துக்கு முகச்சுளிப்புத்தான் மிஞ்சும்.

படகுக் கூலியில் 1000 ரூபாய் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, முடிவில் 500 ரூபாய் ‘சந்தோஷம்’ கொடுத்து நன்றியும் வாங்கிக்கொள்வது என்ன கணக்கு? இரண்டு மணி நேரம் என்று பேசி மூன்று மணி நேரம் சுற்றினால் அந்த ஒரு மணி நேரத்துக்குரியது கூலி. அதை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிக்குத்தான். கடையும் காணியும் வைத்திருந்தவர்கள் இங்கே வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றார்கள். உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவரும் பிள்ளை அப்படியொரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். “பாவம், அகதிப் பிள்ளை” என்று அவர் காதுபடச் சொல்லிக் கொடுக்கும் காசு எவ்வளவு பெரிதானாலும் கசக்கும். சதகா கொடுக்க விரும்பினால் அதற்கு வேறு இடமும் நேரமும் இருக்கின்றன. இது உழைப்புக்கான மரியாதை.

புத்தளம் என்று கருதப்படும் பத்தாலாவில் 1344இல் இப்னு பதூதா வந்திறங்கினார். பாவா ஆதம் மலைக்கு அவரை அனுப்பிய ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்தான். சாமான் சுமக்க மட்டும் 15 பேர் போனதாகக் கணக்கு இருக்கிறது. பெயர்தான் ஒன்றுகூட இல்லை!

நம் பயணங்களிலும் பெயர் தெரியாமல் போகிறவர்கள் சமையலறைப் பெண்கள். மீன் கழுவி, தேங்காய் துருவி, நண்டுக்கறி ஆக்கியவர் பின்கட்டில் இருப்பார்; பாராட்டும் காசும் முன்னால் தட்டு ஏந்தி வந்தவருக்குப் போகும். நம் ஆண்கள் அடுப்படிவரை போகக் கூச்சப்படுவார்கள். நீங்கள் போகலாம். புறப்படும் முன் எட்டிப் பார்த்து, “ராத்தா, கறி நல்லா இருந்திச்சு” என்று சொல்லி, மடித்த தாளை அவர் கையிலேயே கொடுங்கள். முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டாம்.

இதற்கெல்லாம் சில்லறைத் தாள்கள் வேண்டும். புத்தளம் டவுனிலோ பாலாவியிலோ 100, 500 ரூபாய்த் தாள்களாக மாற்றி, வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் ஒரு தனிப் பர்ஸில் போட்டு வையுங்கள். திரும்பி வரும் வழியில் கருவாடு வாங்க இறங்குவீர்கள். அங்கே அந்த அம்மாவிடம் 50 ரூபாய்க்காக மல்லுக்கு நிற்கும்போதும் அந்தப் பர்ஸ் உங்கள் கையில்தான் இருக்கும்.