டாலிகஞ்சுக்கு ஓர் இணைய வரைபடம்

ஒரு வட்டாரத்துக்கென்று தனி இணைய வரைபடம் செய்வதில் நிரல் எழுதுவது சின்ன வேலை. பெரிய வேலை தெருவில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட, அந்தமானிலுள்ள போர்ட் பிளேர் நகரின் தென்புறத்தில், விமான நிலையத்துக்கு அருகே உள்ள டாலிகஞ்சை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சென்னைப் பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தீவு மையம் இங்கேதான் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. கூகுள் மேப்பில் இவை எல்லாம் தெரிகின்றனவே, தனி வரைபடம் எதற்கு? அங்கே எது தெரிய வேண்டும் என்பதை கூகுள் முடிவு செய்கிறது. ஒரு பள்ளியின் தளத்துக்கோ குடியிருப்போர் சங்கத்தின் தளத்துக்கோ வேண்டியவை வேறு: பேருந்து உண்மையில் நிற்கிற இடம், ரேஷன் கடை, மழையில் மூழ்கும் பாதை, சுனாமி எச்சரிக்கை வந்தால் ஏறி நிற்க வேண்டிய மேடு.

அடித்தளத்துக்குப் பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுகிறது. 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இத்திட்டத்தில் யாரும் சாலையையும் கட்டடத்தையும் வரைந்து சேர்க்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்தும் கொள்ளலாம். செயற்கைக்கோள் படத்தின் மேல் சாலைகளை வரைவது மேசை வேலை. அந்தமானில் அதற்கும் பருவம் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் தீவு என்பதால் மேகமில்லாத படங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் கிடைக்கும். கடற்கரையைப் பொறுத்தவரை, படம் எடுத்த நேரம் ஓதமா வற்றமா என்பதைப் பொறுத்துக் கரைக்கோடே இடம் மாறிவிடும்.

பிறகு நடை. கையில் கைப்பேசி, கூடவே ஒரு தாள். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்; தென்னைக்கும் மாமரத்துக்கும் அடியில் தடுமாறும். அதனால் கடை வாசலில் நின்று எடுத்த புள்ளியை அப்படியே ஏற்காமல், படத்தில் தெரியும் கூரையோடு ஒப்பிட்டுத் திருத்துவது வழக்கம். கேட்டறிய வேண்டியவையும் உண்டு. ஒரு சந்துக்குப் பலகையில் ஒரு பெயரும் மக்கள் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காடு. வங்காளியும் இந்தியும் பேசுவோர் அதைவிட அதிகம். ஒரே இடத்துக்கு மூன்று நான்கு மொழிப் பெயர்களையும் பழைய பெயரையும் தனித்தனியே பதிந்து வைத்தால்தான் தேடுபவருக்கு அது கிடைக்கும்.

உயரம்தான் இங்கே ஆபத்தான தகவல். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பலரும் எடுப்பது 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ரேடாரால் அளந்ததை. அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரையை முழுமையாகத் தொடவில்லை, மர உச்சியையும் சேர்த்து அளந்தது. அதைவிட முக்கியம், அது 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கு முந்தைய அளவு. அந்த நிலநடுக்கத்தில் தீவுகள் சில மீட்டர் தென்மேற்காக நகர்ந்தன. வடக்கே திக்லிப்பூர்ப் பக்கம் கரை மேலெழுந்தது. போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் வயலாக இருந்தவை கடல்நீர் ஏறி இறங்கும் பரப்பாயின. எனவே ‘பாதுகாப்பான மேடு’ என்று ஒரு குறியை அந்தத் தரவை மட்டும் நம்பி வைப்பது, குறியே வைக்காததைவிடக் கேடானது. பேரிடர் மேலாண்மைத் துறை அறிவித்த இடங்களை மட்டும் காட்டுவதே முறை. பழைய நிலவரைபடத் தாள்களிலும் கவனம் வேண்டும். அவற்றில் பல, 1830இன் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. மாற்றாமல் இன்றைய ஜி.பி.எஸ். அளவின் மேல் வைத்தால் எல்லாம் சில நூறு மீட்டர் தள்ளி விழும்.

சேர்த்த புள்ளிகள் பொதுவாக ஜியோஜேசன் என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. அதில் முதலில் நெட்டாங்கு, பிறகு அகலாங்கு. ஆனால் 2011இல் உக்ரைன்காரர் வோலோதிமிர் அகாஃபோன்கின் உருவாக்கி, இன்று எங்கும் புழங்கும் லீஃப்லெட் என்ற வரைபட நிரல் நூலகத்தில் நேரெதிர் வரிசை. புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். சென்னையின் இரண்டு எண்களை மாற்றிப் போட்டால் குறி வடதுருவக் கடலில் போய் நிற்கும், பிழை கண்ணில் படும். டாலிகஞ்சின் நெட்டாங்கு ஏறக்குறைய 92.7, அகலாங்கோ 90க்கு மேல் கிடையாது. மாற்றிப் போட்டால் அப்படி ஓர் இடமே உலகில் இல்லை.

திரையில் வரைபடம் 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக, அதாவது டைல்களாக, வந்து சேர்கிறது. ஜூம் ஒரு படி ஏறும்போது ஒவ்வொரு டைலும் நான்காகும். இந்த அகலாங்கில் 16ஆம் ஜூமில் ஒரு டைல் சுமார் 600 மீட்டர் பக்கம் கொண்டது. பக்கம் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சதுரப் பரப்புக்கு ஏறத்தாழ 16 டைல்கள். 18ஆம் ஜூமில் 256. ஓர் ஊருக்கு இது சிறிய சுமை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேவையகம் நன்கொடையில் ஓடுவதால், டைல்களைத் தானே உருவாக்கித் தன் தளத்திலேயே வைப்பது மரியாதை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்படும் வரை இத்தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. கேபிள் வந்த பிறகும் கைப்பேசி சிக்னல் எல்லா மூலையிலும் ஒன்றல்ல. கனமான வரைபடத்தை இங்கே யாரும் காத்திருந்து பார்க்க மாட்டார்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டைலுக்குள் எழுத்தைப் படமாக வைக்காமல், உலாவியில் அவ்வப்போது வரையும் வெக்டர் நூலகங்கள் பலவும் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகின்றன. அதில் ‘பேருந்து’ என்பதன் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய்விடும்; ‘கோயில்’ படிக்கவே முடியாது. பெயர்களைச் சாதாரண இணைய எழுத்தாக வரைபடத்தின் மேல் மிதக்க விட்டால் உலாவியே சரியாகக் கோத்துக் கொடுக்கும். நூற்றுக்கும் குறைவான பெயர்களுக்கு இந்த வழி தாராளமாகப் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பின் இந்தியர்கள் வரைபடம் செய்ய முன்அனுமதி தேவையில்லை. ஆனால் டாலிகஞ்சுக்கு அருகிலுள்ள விமான ஓடுதளம் கடற்படையின் உத்க்ரோஷ் தளத்தோடு சேர்ந்தது. ராணுவ இடங்களுக்குப் பெயரும் விவரமும் சேர்க்காமல் விடுவதே சரி.

வரைபடம் வெளியான பிறகு கடைகள் மூடும், நிறுத்தங்கள் மாறும். ஒவ்வொரு புள்ளியோடும் கடைசியாக நேரில் பார்த்த தேதியைச் சேமித்து வைப்பது நல்லது. ஓராண்டாகப் பார்க்கப்படாத குறி மங்கலாகத் தெரியும்படி செய்ய இரண்டு மூன்று வரி நிரல் போதும்.