படுக்கப் போகும் முன் ஒரு சுவிட்ச்

எங்கள் எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலைப் பற்றித் தெரியாத வீடு குறைவு. மருந்துக் குச்சியின் பக்கத்தில் விளக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் செல்போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு, அதுவும் நெருப்பு விஷயம்தான் என்று தோன்றுவதில்லை.

போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதன் உள்ளே எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. பேட்டரி அடிபட்டாலோ, பொருந்தாத சார்ஜரில் போட்டாலோ உள்ளே சூடேறும். அளவு மீறினால் அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, நச்சுப் புகையும் தீயுமாக வெடிக்கும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

என் மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கியதும் வாசல் நடையில் நிறுத்திச் சார்ஜ் போட்டான். எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல்.

"தம்பி, ராத்திரி தீப்பிடிச்சா நாம எந்த வழியா வெளியே போறது?" என்றேன்.

"எங்கேயோ ஒண்ணு ரெண்டு நடக்கும்மா."

"அந்த ஒண்ணு நம்ம வீடா இருந்தா?"

பதில் பேசவில்லை. இப்போது பக்கத்துச் சந்தில், நிழலில், பகலில்தான் சார்ஜ் ஏறுகிறது.

சகோதரிகளே, இந்தக் கவனத்தால் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். அதன் ஆயுளைக் குறைப்பதும் சூடுதான். வண்டி ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல், ஆறவிட்டுப் போடுங்கள். போனை வெயிலிலும் மெத்தையிலும் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். முழுக்கத் தீர்ந்த பிறகே போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. போனுக்கு 20 சதவீதத்தில் போட்டு 80-ல் எடுத்தால் நல்லது. வண்டிக்கு அதனுடன் தந்த புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். அதன் சொந்தச் சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

பேட்டரி உப்பினாலோ, வாடை வந்தாலோ அழுத்தவோ குத்தவோ வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்திப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். குப்பையிலும் போடக் கூடாது. வண்டி தீப்பிடித்தால் சாமானை எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு வெளியேறி 101-ஐக் கூப்பிடுங்கள்.

தினமும் படுக்கும் முன் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தானே போகிறோம்? அப்படியே சார்ஜர் சுவிட்சையும் ஒரு தடவை பார்த்து அணைத்துவிடுங்கள்.