மூன்று மணி நேரம் கரண்ட் போனால் விறகு

மாண்ட்ரியலிலிருந்து, நம் திருவண்ணாமலை வாசகர்களுக்கு.

இங்கே வீடு வாங்கக் கிளம்பும் தமிழர்கள் சமையலறைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது கூடத்துக் கணப்பைத்தான். கனடா வரை வந்தும் வீட்டுக்குள் நெருப்பு இல்லாமலா என்று ஓர் ஆசை. நான் அக்னித் தலத்துக்காரன் என்பதாலோ என்னவோ, விறகா கேஸா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். போளூர் அத்தையும் போனில் கேட்டார்: "ஏம்பா, கூடத்துலயே கட்டை எரிக்கிறாங்களாமே, புகையெல்லாம் எங்க போவும்?"

புகை மேலே போய்விடும் அத்தை. சூடும் அதோடு சேர்ந்து போய்விடும், அதுதான் தொல்லை. திறந்த கணப்பில் எரியும் விறகு அறைக்காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கெல்லாம் மைனஸ் 20 டிகிரிக் குளிர் நுழையும். எரித்ததில் பத்தில் ஒரு பங்கு சூடு அறையில் தங்கினாலே பெரிது. முகம் காயும், முதுகு விறைக்கும். கண்ணாடிக் கதவு போட்டு அடைத்த இரும்பு விறகடுப்பு வேறு ரகம். நல்லதாகப் பார்த்து வாங்கினால் எழுபது சதவீதம்கூடக் கிடைக்கும்.

ஆனால் விறகு சும்மா எரியாது. மேப்பிள் கட்டையைப் பிளந்து ஒரு வருஷமாவது காயப்போட வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத கட்டை புகையும். அந்தப் புகை குழாயின் உள்ளே தாராகப் படியும். படிந்தது ஒருநாள் பற்றிக்கொண்டால் கூரையே போகும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துக் குழாயைத் துடைக்க வேண்டும். விறகுத்தொட்டியில் சவுக்கை எடைபோட்டு வாங்கிப் பழகிய நமக்கு இங்கத்திய அளவும் புதிது. அடுக்கி அளக்கிறார்கள், 128 கன அடி ஒரு 'கார்டு'. தளர்வாக அடுக்கினால் காற்றுக்கும் சேர்த்துக் காசு.

கேஸ் கணப்பில் இந்த வேலை எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால், பீங்கானில் செய்த பொய்க்கட்டைகளின் நடுவே சுடர் எழும். எரிவதற்கு வேண்டிய காற்று வெளியிலிருந்தே குழாயில் வருகிறது, எரிந்த புகையும் வெளியே போகிறது. அறைக்காற்றை அது தொடுவதில்லை. ரிமோட்டை அமுக்கினால் எரிகிறது, அமுக்கினால் அணைகிறது. சடசடப்பு இல்லை, வாசம் இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தோன்றாத நெருப்பு அது.

இந்த ஊருக்கு விறகு மோகம் முற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1998 ஜனவரியில் நாள்கணக்கில் பெய்த மழை கம்பியெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து, மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில் ஒரு மாதம் வரை கரண்ட் இல்லை. கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம்தான் என்பதால், அன்று விறகடுப்பு இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதன்பின் ஊரே விறகுக் கணப்பு கட்டிக்கொண்டது. குளிர்காலக் காற்றில் நுண்துகள் ஏறியது. 2009இல் புதிதாக விறகுக் கணப்பு வைக்கத் தடை வந்தது. 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் கக்கும் எந்த விறகடுப்பையும் கொளுத்தக் கூடாது. ஒரே ஒரு விலக்கு: மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் எந்த விறகடுப்பை வேண்டுமானாலும் கொளுத்திக்கொள்ளலாம். இவ்வளவு விவரமாக எழுதிய சட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நெருப்பு சூட்டுக்கா, கண்ணுக்கா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கார்த்திகையில் 2,668 அடி மலையுச்சியில் நெய்யும் காடாத்துணித் திரியுமாக எரிகிற மகாதீபத்தில் யாரும் குளிர் காய்வதில்லை. அது பார்ப்பதற்கான நெருப்பு, வருஷத்தில் பதினோரு நாள். கண்ணுக்காக விறகு வேண்டுமென்றால் அதுபோல அபூர்வமாக, சட்டம் விடும் அடுப்பில் கொளுத்துங்கள். தினசரிச் சூட்டுக்கு விறகை நம்பாதீர்கள். கேஸும் பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிபொருள்தான், அதற்குப் புண்ணியக் கணக்கு எழுத முடியாது. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்று என்றால், நகரத்து வீட்டுக்கு என் ஓட்டு கேஸுக்கே.

விறகு நெருப்பின் அழகை இங்கே வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் ஊதுகுழல் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. பாதி வாழ்நாள் புகையில் கண் கசக்கிய அத்தை, 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு வந்ததும் ஊதுகுழலைத் தூக்கிப் போட்டார். அவரிடம் போய் விறகின் அழகைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. விறகோ கரியோ கேஸோ, காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 1998இலும் இங்கே அதனால் செத்தார்கள். ஊட்டி, கொடைக்கானல் விடுதி அறைகளில் கரியடுப்போடு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். குளிருக்கு மலையேறுகிறவர்கள் கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரியடுப்பை அறைக்குள் கொண்டுவர விடாதீர்கள்.