சுரநாக்கும் சிற்றரமும்

ஆர்மோனியம் வாசிப்போர் பலர். அதன் பலகையைக் கழற்றி உள்ளே கை வைக்கத் துணிவோர் சிலர். இசை நாடக மேடைகளிலும் பஜனைக் கூட்டங்களிலும் ஒலித்த பழைய பெட்டிகள் பல, சுரம் கலைந்து வீட்டு மூலைகளில் உறங்குகின்றன. என் தகப்பனார் விட்டுச் சென்ற பெட்டியும் அவ்வாறே உறங்கியது. அதனை எழுப்ப முயன்றபோது, இசையைக் காட்டிலும் கருவிகளைப் பற்றியே நான் அதிகம் கற்றேன்.

பெட்டியின் ஒலி பிறப்பது பித்தளை நாக்குகளிலே. 'ரீட்' என வழங்கும் இந்நாக்கின் ஒரு முனை சட்டத்தில் தறையாணியால் இறுக்கப்பட்டிருக்கும். மறுமுனை காற்றில் அதிரும். நுனியைச் சுரண்டினால் பாரம் குறைந்து சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுரம் இறங்கும். விதி இவ்வளவே. ஆயினும் சுரண்டிய உலோகம் திரும்பி வராது. அளவு மீறி மெலிந்த நாக்கு ஒருநாள் ஒடியும். ஆகவே கருவியைத் தெரிவதில் மிகுந்த நிதானம் வேண்டும்.

பெரிய அரம் இதற்கு ஆகாது. பத்து இழுப்பில் செய்யவேண்டியதை ஓர் இழுப்பில் செய்துவிடும். நான் மூன்று சிறு கருவிகளைத் தேடிக்கொண்டேன். மோட்டார் திருத்துவோர் இடைவெளி அளக்கும் மெல்லிய உருக்குத் தகடு ஒன்று. அதனை நாக்கின் கீழே செலுத்தினால், அழுத்தும்போது நாக்கு வளையாது. தேய்ந்த முக்கோண அரமொன்றின் பற்களைச் சாணைக்கல்லில் நீக்கி, விளிம்பைக் கூராக்கிய சுரண்டி மற்றொன்று. தீட்டும்போது அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். சூடு மிகுந்தால் உருக்கின் கடினம் போய்விடும். மூன்றாவது, நாக்கின் நுனியைத் தூக்குவதற்குப் பழைய குடைக்கம்பியில் வளைத்த கொக்கி.

1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற அக்கோடியனும் நாக்கினால் ஒலிப்பதே. அதன் நாக்கு உருக்காதலால், அதற்கு இன்னும் கடினமான சுரண்டி வேண்டும். எந்த நாக்காயினும் நீளவாக்கிலேயே சுரண்ட வேண்டும். குறுக்குக் கீறல் முறிவுக்கு வழி திறக்கும். சுரண்டிய சூடு தணிந்த பின்னரே ஒலியைச் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி? பௌதிகம் பயிலும் மாணவர் 'அடிப்பு' என்பதை அறிவர். செக்கனுக்கு 440 அதிர்வுடைய ஒலியும் 442 அதிர்வுடைய ஒலியும் சேர்ந்தால், ஒலி செக்கனுக்கு 2 முறை எழுந்து தணியும். இன்று கைத்தொலைபேசியே அதிர்வெண்ணைக் காட்டிவிடுகிறது. எனினும் அந்த எழுச்சி மெல்ல மெல்லத் தளர்ந்து, இரு ஒலிகளும் ஒன்றாவதைக் காதால் கேட்பது தனி இன்பம்.

ஒரு நாக்கை மட்டும் நான் தொடவில்லை. முன்னொரு காலத்தில் யாரோ முரட்டு அரத்தால் இட்ட ஆழ்ந்த குறுக்குக் கீறல் அதன் அடியில் இருந்தது. சுரமும் சற்றே இறங்கியிருந்தது. நுனியைச் சிறிது சுரண்டினால் சரியாகலாம். கீறல் விரிந்து நாக்கே போய்விடவும் கூடும். தகப்பனார் விரல் பட்ட பெட்டியில் ஒரு சுரம் ஊமையாவதிலும், அது குறையோடு பாடுவதே மேல் என்று பலகையை மூடினேன். இப்போது மாலை வேளைகளில் பிள்ளைகள் அப்பெட்டியிலே தேவாரம் பழகுகின்றனர்.