ஐந்து மைக்ரான்

அன்றிரவு பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும். முன்னால் ஒரு காலியம் ஆர்சனைடு சில்லு. அதன்மேல் இரண்டு தங்கக் கோடுகள், நடுவே 5 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

கோடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து, இடைவெளியில் 100 ஃபெம்டோ விநாடி லேசர் துடிப்பைப் போடுவோம். ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடும். ஒரு பிகோ விநாடிக்குள் படிகத்தின் குறைகளில் சிக்கி அடங்கிவிடும். அந்த வெடுக்கென்ற ஓட்டம்தான் டெராஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஆஸ்டன் 1975-இல் காட்டிய ஒளிச் சுவிட்சின் வாரிசு இது. கிடைப்பதென்னவோ மைக்ரோவாட் கணக்கில். அதையும் சிங்கப்பூர் காற்றின் ஈரம் குடித்துவிடும் என்று பெட்டிக்குள் நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தோம்.

எனக்கு இன்னும் வேண்டும். லேசரைக் கூட்டினேன். ஒரு கட்டத்துக்கு மேல் பிரிந்த மின்னூட்டங்களே எதிர்ப்புலம் கட்டி அலையை அமுக்கின. சரி என்று வோல்ட்டை 20-இலிருந்து 35-க்கு ஏற்றினேன். சிக்னல் அழகாக எழுந்தது. பிறகு சுழியம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் தங்கக் கோடுகளுக்கு நடுவே கருப்பாக ஒரு தழும்பு. சீனியர் மாதக்கணக்கில் செய்த சில்லுகளில் கடைசி. நோட்டில் 'அலைன்மென்ட் போய்விட்டது' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். அதை நம்பி அவர் மூன்று நாள் கண்ணாடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன்.

வார இறுதியில் ஜொகூர் வீட்டில் அப்பாவிடம் உளறிவிட்டேன். பாசிர் கூடாங்கில் வெல்டராக இருந்தவர்.

"மெல்லிசு தகட்டுல ஆம்பியர் ஏத்துனா ஓட்டதான்டா விழும். ஒரே எடத்துல போட்டு வறுக்காத. புள்ளி புள்ளியா தள்ளி வச்சுப் பரப்பணும்."

அதிக சக்தி எடுப்பவர்கள் செய்வது கிட்டத்தட்ட இதுதான். சீப்புப் பற்கள்போல் மின்முனைகளைக் கோத்து, லேசரைப் பெரிய பரப்பில் விரிப்பார்கள். அடுத்தடுத்த இடைவெளிகளில் புலம் எதிரெதிராக இருந்து அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் என்பதால், ஒன்றுவிட்டு ஒன்றை உலோகத்தால் மூடுவார்கள். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை சொன்னேன். சீனியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டைத் தள்ளி, தேதியும் வோல்ட்டும் எழுதச் சொன்னார். 35 என்று எழுதினேன்.