பெரியம்மாவின் கவலைக்குப் பெண்பால் விகுதி

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டிக்கு இடம் பிடிப்பது பெரும்பாடு. என்னோடு வந்தவர் ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி. ரமணாசிரமத்துக்குப் போக வேண்டும், ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதால் நண்பர் ஒருவர் துணைக்கு அனுப்பியிருந்தார். காணை, கெடார் தாண்டியதும் வயல்களுக்கு அப்பால் பாறைக் குன்றுகள் தலைகாட்டின. கல்மேல் கல்லாக யாரோ அடுக்கி வைத்த மாதிரி நிற்கும் அந்தக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே கண்டாச்சிபுரத்தில் இறங்கினோம். ராமநாதீஸ்வரர் கோயிலைக் காட்டிவிட்டு, பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். மருமகளைப் பிரசவத்துக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையிலிருந்து தகவல் இல்லை. எங்களை வரவேற்று, தண்ணீர் கொடுத்து, பாய் விரித்துப் போட்டார். ஆனால் கண் போன் மேலேயே இருந்தது.

"வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கேன் கண்ணு. முகங்கொடுத்துப் பேசலன்னு அந்தம்மா தப்பா நெனச்சிக்கப் போவுது. நீயே சொல்லிடு."

நான் சொன்னது: "எஸ்த்தோய் ப்ரெயோக்குப்பாதா போர் மி நுவெரா." என் மருமகளை நினைத்துக் கவலையாக இருக்கிறேன் என்று பொருள். மொழிபெயர்ப்பவர் பேசுகிறவரின் வாயாகவே பேச வேண்டும் என்பது தொழில் மரபு. ஆகவே ஆண்பிள்ளையான நான் "ப்ரெயோக்குப்பாதோ" என்று சொல்லாமல் பெண்பாலில் "பாதா" என்று முடித்தேன். அந்த ஒரு எழுத்துக்குப் பலன் கைமேல் கிடைத்தது. அதுவரை என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று பெரியம்மா பக்கம் திரும்பினார். கவலை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தமிழில் "நான்" என்று ஆரம்பித்தால் ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டாது. "கவலையாக இருக்கிறேன்" என்பது இருபாலுக்கும் ஒன்றுதான். ஸ்பானிஷில் இந்தப் பெயரடை ஆளுக்கு ஏற்றபடி மாறும். ஆணுக்கு ப்ரெயோக்குப்பாதோ, பெண்ணுக்கு ப்ரெயோக்குப்பாதா, பலர் என்றால் கடைசியில் ஒரு ஸ் சேரும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால்தான். உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. அங்கே வருவது "பாதை"யில் வரும் மெல்லிய த. தமிழ் நாக்குக்குப் பழகிய ஒலி.

வினைச்சொல்தான் பலரைத் தடுமாற வைக்கும். "செர்", "எஸ்த்தார்" என்று இரண்டு இருக்கின்றன. பாடநூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விதி எழுதுகின்றன. தமிழருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். "அவர் ஆசிரியர்" என்பதில் நாம் "இரு" சேர்ப்பதில்லை, அங்கே செர். "கவலையாக இருக்கிறார்", "வீட்டில் இருக்கிறார்" என்னும்போது "இரு" வருகிறது; அங்கே எஸ்த்தார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், உடல்நிலை, மனநிலை, இருக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். யாரைப் பற்றிய கவலை என்பதைச் சொல்ல "போர்" சேர்க்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. "ப்ரெயோக்குப்பான்த்தே" என்ற சொல் பார்வைக்கு உடன்பிறப்பு போல இருக்கும். அதற்குக் கவலை தரக்கூடிய என்று அர்த்தம். நோயாளியின் நிலையைச் சொல்லப் பயன்படும். உறவினரின் மனதைச் சொல்ல உதவாது. ஆஸ்பத்திரி வாசலில் இந்த இரண்டும் இடம் மாறினால் கேட்பவர் பதறிப்போவார்.

அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மே ப்ரெயோக்குப்பா மி மாத்ரே" என்றார். வயதான தாயை ஊரில் தனியே விட்டு வந்திருக்கிறார். இங்கே மதியம் ஒன்று என்றால், குளிர்காலத்தில் அங்கே காலை எட்டரை. அம்மா எழுந்து போனை எடுக்கட்டும் என்று காத்திருந்தாராம். "எனக்கும் எங்க அம்மாவ நெனச்சாக் கவலையாத்தான் இருக்கு" என்று பெரியம்மாவிடம் சொன்னேன்.

பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதம்மா. பெத்தவளுக்கு ஒண்ணும் ஆவாது."

"நோ தே ப்ரெயோக்குப்பெஸ்" என்றேன். ஸ்பானிஷ் பேசும் நாடு எதற்குப் போனாலும் செல்லுபடியாகும் ஆறுதல் அது. பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்வதென்றால் "நோ செ ப்ரெயோக்குப்பெ". பெரியம்மா வயதில் மூத்தவர், விருந்தாளி மகள் முறை. ஆகவே "தே" போட்டதுதான் சரி.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கும்போது போன் அடித்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் "எஸ்த்தா கோன்த்தென்த்தா" என்றேன். மகிழ்ச்சிக்கும் அதே வினை, அதே பெண்பால் விகுதி.

திருவண்ணாமலைச் சாலையில் வெளிநாட்டு யாத்ரீகர்கள் ஆண்டு முழுவதும் போய்வருகிறார்கள். அவர்களை ஏற்றிச்செல்லும் ஆட்டோக்காரர்களுக்கும், விடுதி நடத்துபவர்களுக்கும், மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்பானிஷில் விலை சொல்லக் கற்றுக்கொள்ளும்போது "நோ செ ப்ரெயோக்குப்பெ"யையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.