எங்கும் இயங்கும் செய்நிரல்

கற்றது பிறருக்கும் பயன்பட வேண்டும். இல்லாவிடின் அது குடத்திலிட்ட விளக்காகிவிடும். கணினிச் செய்நிரலுக்கும் இது பொருந்தும் என்பதை அனுபவத்தில் உணர்ந்தேன்.

என் தங்கையின் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பெருக்கல் வாய்பாடு மனத்தில் பதியவில்லை. கேள்வி கேட்டு, விடையைத் திருத்தி, புள்ளி வழங்கும் சிறியதொரு செய்நிரலை எழுதிக் கொடுக்க விரும்பினேன். ஒருத்தியின் வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தது. இன்னொருவன் வீட்டில் லினக்ஸ் நிறுவிய பழைய கணினி. மற்றையோரிடம் கணினியே இல்லை. அம்மாவின் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி மட்டுமே இருந்தது. இவை அனைத்திலும் இயங்கக்கூடிய மொழி எது?

நான் வகுப்பில் பயின்றது பஸ்கால். அம்மொழியில் எழுதியதைத் தொகுப்பி இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. விண்டோசுக்காகத் தொகுத்த கோப்பு லினக்ஸில் நேரடியாக இயங்காது. ஒவ்வொரு பணிசெயல் முறைமைக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் மொழிகளில் இத்தொல்லை குறைவு. எழுதிய கோப்பை அப்படியே அனுப்பலாம். பெறுபவரின் கணினியிலுள்ள மொழிமாற்றி அதனை வாசித்து இயக்கும். ஆனால் அந்த மொழிமாற்றி அங்கே இருக்க வேண்டுமல்லவா? 1991இல் கைடோ வான் ரொசம் வெளியிட்ட பைதன், வாசிக்க எளிதானது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் இயங்குவது. எனினும் விண்டோஸ் கணினியில் அதனை நாமே நிறுவ வேண்டும். பதிப்பையும் கவனிக்க வேண்டும். பதிப்பு 2இற்கு எழுதிய பல செய்நிரல்கள், 2008இல் வெளிவந்த பதிப்பு 3இல் மாற்றமின்றி இயங்குவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு சுமை எதற்கு?

ஆகவே ஜாவாஸ்கிரிப்டைத் தெரிவு செய்தேன். 1995இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக பிரென்டன் ஐக் உருவாக்கிய இம்மொழியை இன்றைய பிரதான இணைய உலாவிகள் யாவும் இயக்குகின்றன. கேள்விகளையும் செய்நிரலையும் ஒரே எச்.டி.எம்.எல் கோப்பில் எழுதினேன். தமிழை யூனிகோட்டில் தட்டச்சிட்டு, கோப்பின் தலைப்பகுதியில் யூ.டி.எஃப்-8 எனக் குறிப்பிட்டேன். இதனால் பாமினி போன்ற எழுத்துருவை எவரும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. கோப்பு பென்டிரைவில் கணினிகளுக்கும் புளூடூத்தில் கைத்தொலைபேசிகளுக்கும் சென்றது. கணினியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் மற்றையோரைப் போலவே வாய்பாடு பழகினர்.

ஜாவாஸ்கிரிப்ட் எல்லா வேலைக்கும் உகந்ததென நான் கூறவில்லை. பாதுகாப்புக் கருதி, கணினியிலுள்ள கோப்புகளைத் தானாகத் திறக்க உலாவி இடமளிப்பதில்லை. நூறு புகைப்படங்களுக்குப் பெயர் மாற்றுவதாயின் நான் பைதனையே நாடுவேன்.

நண்பர்களே, மொழிகளில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என வாதிடுவோர் பலர். நீங்கள் எழுதப்போகும் செய்நிரல் யாருடைய கையில், எந்தக் கருவியில் இயங்கப் போகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். அதன் பின்னர் மொழியைத் தெரிவு செய்யுங்கள்.